பெரிய எழுத்து மரியாதைக்காக அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கில இலக்கணப் பகுதியில், ‘பெரிய எழுத்து பெயர்ச்சொல்லுக்கு மட்டுமே, அதற்கு முன்னால் வரும் பெயரடைக்குத் தேவையில்லை’ என்று கட்டம் கட்டி வெளியிட்டிருக்கிறீர்கள். இது தவறு. கட்டத்துக்குள் வந்ததாலேயே பலர் இதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். அண்மையில் ஓர் இளைஞர் தன் வேலை விண்ணப்பத்தைப் பார்த்துத் தரச் சொன்னார். முதல் வரியிலேயே, தான் இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்ததாக எழுதியிருந்தார். ‘இங்கிலீஷ்’ சிறிய எழுத்தில் தொடங்கியது. ‘லிட்டரேச்சர்’ பெரிய எழுத்தில். சரியாகத் தலைகீழ். ஏன் இப்படி என்று கேட்டேன். “இலக்கியம்தானே முக்கியம், இங்கிலீஷ் என்பது அடைமொழிதானே” என்றார். உங்கள் கட்டம் சொல்வதும் இதையேதான்.

ஊர், நாடு, மொழி, ஆள் ஆகியவற்றின் பெயரிலிருந்து பிறந்த பெயரடையை ஆங்கிலத்தில் ‘ப்ராப்பர் அட்ஜெக்டிவ்’ என்கிறார்கள். தாய்ச்சொல்லின் பெரிய எழுத்து அதற்கும் வந்துசேர்கிறது. இந்தியாவிலிருந்து இந்தியன், விக்டோரியாவிலிருந்து விக்டோரியன், செவ்வாய்க் கோளின் ஆங்கிலப் பெயரான மார்ஸிலிருந்து மார்ஷியன். தாய்ச்சொல் சட்டென்று கண்ணில் படாவிட்டாலும் விதி மாறாது. ‘கார்ட்டீசியன்’ என்ற சொல்லில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் தெரிவதில்லை. அவருடைய லத்தீன் பெயரான கார்ட்டீசியஸிலிருந்து அது வந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்ததைக் குறிக்கும் ‘டச்’ என்ற சொல்லுக்கு நாட்டின் பெயரோடு ஒலியளவில்கூட உறவில்லை. இரண்டுக்கும் பெரிய எழுத்துதான். ஆனால் அடுத்து வரும் பொதுப்பெயருக்கு இந்த உரிமை கிடையாது. விக்டோரியன் நாவல் என்றால் விக்டோரியனுக்குப் பெரிய எழுத்து, நாவலுக்குச் சிறிய எழுத்து. முன்னொட்டுக்கும் அப்படியே: ‘அமெரிக்கன்’ என்பதற்கு முன்னால் ‘அன்’ சேர்த்தால் ‘அன்’ சிறிய எழுத்தில் நிற்கும், இடையில் ஒரு சிறு கோடு வரும், அமெரிக்கனின் முதல் எழுத்து பெரிதாகவே இருக்கும்.

நாம் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் எழுத்தில் பெரிது சிறிது என்ற பேதமே இல்லை. ‘இந்திய’ என்று எழுதினாலும் ‘இனிய’ என்று எழுதினாலும் ‘இ’ ஒன்றுதான். அதனால் ஆங்கிலத்தின் பெரிய எழுத்தை மரியாதைக் குறியாக எடுத்துக்கொள்கிறோம். அம்மா, ஆசிரியர், பண்பாடு, உண்மை என்று மனத்துக்குப் பெரிதாகப் படுவதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதுகிறோம். அந்த உணர்வை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அந்த எழுத்தின் வேலை வேறு. இது ஒரு தனிப் பெயர் அல்லது தனிப் பெயரின் வாரிசு என்று அடையாளம் காட்டுவதே அதன் வேலை. போலந்து நாட்டைச் சேர்ந்ததைக் குறிக்கும் சொல்லையும் மெருகேற்றுவதைக் குறிக்கும் சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே ஆறு எழுத்துகள், அதே வரிசை. முதல் எழுத்து பெரிதானால் போலிஷ், சிறிதானால் பாலிஷ். பொருளோடு உச்சரிப்பும் மாறிவிடுகிறது.

ரோமன் எழுத்தைப் பயன்படுத்தும் எல்லா மொழிகளுக்கும் விதி ஒன்றே என்றும் அதே பகுதியில் இருந்தது. அதுவும் சரியல்ல. பிரெஞ்சில் ‘பிரெஞ்சுக்காரர்’ என்ற பெயர்ச்சொல் பெரிய எழுத்தில் வரும். ‘பிரெஞ்சு’ என்ற பெயரடை சிறிய எழுத்தில் வரும். ஸ்பானிய மொழியில் இரண்டுமே சிறிய எழுத்து. ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் பெரிய எழுத்து உண்டு, ஆனால் நாட்டைக் குறிக்கும் பெயரடைக்கு இல்லை. உங்கள் கட்டுரையாளர் சொன்ன விதி பிரெஞ்சுக்கு ஓரளவு பொருந்தும். ஆங்கிலத்துக்குப் பொருந்தாது.

இனி, அவர் தொடாமல் விட்ட ஒன்று. பெயரிலிருந்து பிறந்த சொல் காலப்போக்கில் அந்தப் பெயரை மறந்துவிடுவதும் உண்டு. ஏதென்ஸில் கடுமையான சட்டங்களை இயற்றிய டிராக்கோவிடமிருந்து வந்தது ‘டிரகோனியன்’. இன்று கொடிய சட்டத்தைக் குறிக்க அதைச் சொல்பவர்கள் அவரை நினைப்பதில்லை. சிறிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ‘பிளாட்டோனிக்’ இரண்டு விதமாகவும் வரும். பிளாட்டோவின் தத்துவம் என்றால் பெரிய எழுத்து. உடல் இச்சை கலவாத அன்பு என்றால் பெரும்பாலும் சிறிய எழுத்து. எழுதுகிறவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இந்த இடத்தில் அந்த மனிதரை, அந்த நாட்டைச் சுட்டுகிறேனா, இல்லையா? விசையின் அலகான நியூட்டனை முழுச் சொல்லாக எழுதும்போது சிறிய எழுத்து. அவருடைய இயக்கவியலை நியூட்டோனியன் என்னும்போது பெரிய எழுத்து. பிரெஞ்ச் ஃப்ரைஸ் போன்ற சொற்களில் பதிப்பகங்களின் நடைக் கையேடுகளே ஒத்துப்போவதில்லை. அங்கே ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றினால் போதும்.

பெரிய எழுத்து மரியாதைக்காக அல்ல என்பதற்குக் கணிதத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. நார்வே நாட்டுக் கணித மேதை ஏபெல் 1829-இல் இறந்தபோது அவருக்கு வயது 26. அவர் பெயரால் வழங்கும் ‘எபீலியன் குலம்’ (எபீலியன் குரூப்) என்ற கணிதச் சொல்லில் உள்ள எபீலியனைக் கணிதவியலர்கள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் சிறிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதை அவருக்குக் குறைவாக அவர்கள் கருதுவதில்லை. ஆளின் பெயர் அன்றாடச் சொல்லாகவே ஆகிவிட்டது என்று பெருமையாகத்தான் சொல்வார்கள்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். பிழை கட்டத்துக்குள் வந்ததால் திருத்தமும் அதே அளவுக் கட்டத்தில் வர வேண்டும்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் ஒரு வாசகர்