சென்னைப் பிள்ளைகளை யாரும் சோதிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளின் கணக்குப் பாடம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல்கூட வரவில்லை என்று பிள்ளைகளின் கற்றல் நிலையைச் சோதிக்கும் ஏசர் அறிக்கை சொல்வதாகவும், அதனால் அரசு கொட்டும் கோடிகள் வீண் என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

ஏசர் என்பது ஊரகப் பகுதிகளுக்கான ஆய்வு. 2005-இல் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் இதைத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். அறிக்கையின் தலைப்பிலேயே 'ஊரகம்' என்று போட்டிருப்பார்கள். தன்னார்வலர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோதிப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தாலும் தனியார் பள்ளியில் படித்தாலும் சோதனை ஒன்றுதான். அந்த அறிக்கைக்காகச் சென்னையில் ஒரு வீட்டுக் கதவும் தட்டப்படுவதில்லை. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாதது இல்லை. அப்படியிருக்க, சென்னைப் பிள்ளைகளின் தலையில் அந்த முடிவை எப்படி ஏற்றினீர்கள்?

அதற்கு மேல் ஒரு படம் வேறு. முகம் தெளிவாகத் தெரிகிறபடி நான்கு பிள்ளைகள், கரும்பலகை முன்னால். அதில் ஒருத்தி எங்கள் தெருப் பெண். அவள் அம்மா பூக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், என்ன எழுதியிருக்காங்க? எம் பொண்ணு படத்த எதுக்குப் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். நான் படித்துக் காட்டவில்லை. எனக்கு வாய் வரவில்லை.

நான் வடசென்னையில் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்புக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. படித்த இளைஞர்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். பிள்ளைகளைத் தனித்தனியாக அழைத்துத் தாள் கொடுத்தார்கள். 52-இல் 17 போனால் எவ்வளவு என்பது ஒரு கணக்கு. ஒரு பிள்ளை 45 என்று எழுதியிருந்தாள். பத்தாம் இடத்தில் 5-இல் 1 போக 4. ஒன்றாம் இடத்தில் 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்து 5 என்று போட்டுவிட்டாள். கடன் வாங்கிக் கழித்தல் பிடிபடாத பிள்ளைகள் உலகம் முழுக்கச் செய்கிற தவறு இது. எந்த இடத்தில் சிக்கல் என்று விடையே சொல்லிவிடும், மறுநாளே அதை எடுத்துச் சரிசெய்யலாம். ஆனால் அவர்கள் தாளில் அது வெறும் தப்பு, அவ்வளவுதான். முடிவு வந்ததும் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை. தமிழிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி இரண்டு முறை கடிதம் போட்டோம். எங்கள் பிள்ளைகள் யாரோ ஒருவருடைய பட்டத்துக்கு எண்ணாகப் போனார்கள்.

45 என்று எழுதிய அதே பிள்ளை சாயங்காலம் அம்மாவோடு பூக்கடையில் உட்காருவாள். முழம் 30 ரூபாய் என்று மூன்று முழம் வாங்கி 200 ரூபாய் நோட்டை நீட்டினால், 90-லிருந்து 100-க்குப் பத்து, அப்புறம் ஒரு நூறு என்று விரல் மடக்காமல் 110 ரூபாயைக் கையில் வைப்பாள். இது என் பிள்ளைப் பாசம் பேசுவதில்லை. 2025 பிப்ரவரியில் நேச்சர் அறிவியல் இதழில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் எழுதிய ஆய்வு வந்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போடுகிறார்கள், பள்ளிக்கூடப் பாணியில் அதையே தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்கோ தாளில் வருகிறது, சந்தைக் கணக்கு வரவில்லை. ஆக, இந்த இரண்டையும் சேர்த்துவைக்காத பாடத்திட்டத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளையை மக்கு என்பதற்கு அந்த ஆய்வில் இடமே இல்லை. இப்படி ஒன்றைத் தமிழில் விளக்கி ஒரு பக்கம் போட்டிருந்தால் எத்தனை ஆசிரியர்களுக்கு உதவியிருக்கும்.

கட்டுரையாளர் பணத்தைப் பற்றி எழுதியது இன்னும் வருத்தம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கிய 46,767 கோடி ரூபாயை அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு செலவு என்கிறார். அந்தத் தொகைக்குள் அரசு உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளமும் இருக்கிறது. வகுப்பதற்கு முன்னால் அதைக் கழித்திருக்க வேண்டும். சரி, வராமல் போன பணத்தைப் பற்றி ஒரு சொல்லாவது எழுதினாரா? பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் நூற்றுக்கு 60 பங்கு ஒன்றிய அரசும் 40 பங்கு மாநிலமும் போட வேண்டும். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தார்கள். 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களின் சம்பளம் வருவது அந்தத் திட்டத்திலிருந்துதான். அரசியல் சண்டை யாருடையதாகவும் இருக்கட்டும், வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் குழந்தைகள்.

பணம் போட்டால் பலன் வருமா என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. கொரோனாவுக்குப் பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கிராமப்புற ஆய்வு என்று அவர்கள் தெளிவாகவே சொல்கிறார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள், மொழிப்பாடத்தைவிடக் கணக்கில்தான் இழப்பு அதிகம். பள்ளி திறந்து ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை நேர வகுப்புத் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் தெருவில் பாய் விரித்துப் பாடம் சொன்ன பெண்கள் செய்த வேலை அது. இதற்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் இடம் கிடைக்கவில்லை.

2003-இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது செயல்வழிக் கற்றல் இங்கேதான் தொடங்கியது. அட்டைகள், பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகை என்று வகுப்பறையே மாறியது. பிறகு மாநிலம் முழுக்கப் போனது. வேறு மாநிலத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அதை மாற்றினார்கள், 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் பயிற்சிக்குப் போனோம், ஒவ்வொன்றுக்கும் பதிவேடு எழுதினோம். இப்போது பணியில் இருக்கிற பெண்கள் கைபேசியில் எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் பதிவு போட்டு முடிப்பதற்குள் ஒரு பாடவேளை போய்விடுகிறது என்கிறார்கள். கழித்தலுக்கு எங்கே நேரம் போனது என்று எழுத வருகிறவர்கள் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கட்டுரையில் பொருளாதார வல்லுநர் பேசுகிறார், முன்னாள் அதிகாரி பேசுகிறார். ஓர் ஆசிரியர்கூடப் பேசவில்லை.

எங்கள் பள்ளிகளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தும் வகுத்தல் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் முகம் தெரியும். அவர்களைப் பற்றி எழுதுங்கள், கடுமையாகவே எழுதுங்கள். சென்னைப் பள்ளிகளில் எடுத்த கணக்கை வைத்து எழுதுங்கள்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். அந்த அறிக்கை ஊரகப் பகுதிக்கானது, சென்னைப் பள்ளிகளைப் பற்றியது இல்லை என்று இரண்டு வரியில் ஒரு திருத்தம், கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில். இன்னொன்று, இணையப் பதிப்பிலிருந்து அந்தப் பிள்ளைகளின் படத்தை எடுத்துவிடுவது. காலாண்டு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. திருத்தம் மெதுவாக வந்தாலும், படத்தையாவது அதற்குள் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
பெரம்பூர், சென்னை