‘தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்’ என்பதைத் தமிழிலும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பேச்சுவழக்கில் ‘கரண்ட் பிடிப்பது’ என்கிறோம். நோயாளி பேசாமல் படுத்திருந்தால் போதும், மற்றதையெல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றே நானும் எண்ணியிருந்தேன். மன்னாரிலிருந்து வந்து வெள்ளவத்தையில் என் வீட்டில் தங்கியிருந்த அக்கா, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காக அரச வைத்தியசாலை ஒன்றுக்குத் தினமும் சென்று வந்த ஐந்து வாரங்களில் அந்த எண்ணம் மாறியது.

முதல் ஆறு நாட்களும் அவர் சிறுநீர் கழித்துவிட்டே சிகிச்சை மேசையில் ஏறிப் படுத்திருக்கிறார். சத்திரசிகிச்சைக்கு முன் அப்படிச் செய்யச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதற்கும் அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார். அங்கிருந்த பணியாளர் சிங்களத்தில் சொன்னவற்றுள் ‘வத்துர’ என்ற ஒரு சொல் மட்டுமே அவருக்கு விளங்கியது. வெயிலில் வந்தவரைத் தண்ணீர் குடிக்கும்படி உபசரிக்கிறார்கள் என்று எண்ணி, புன்னகைத்து, வேண்டாம் என்று தலையசைத்திருக்கிறார். ஏழாம் நாள் எடுத்த சோதனைப் படத்தில் சிறுநீர்ப்பை வெறுமையாக இருப்பதைக் கண்ட பிறகுதான், தமிழ் பேசும் தாதி ஒருவரை அழைத்துவந்து விடயத்தை விளக்கினார்கள்.

இடுப்புப் பகுதிக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 1.8 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 25 நாட்களில் 45 கிரே கதிர்வீச்சு கொடுக்கப்படுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அது சிறுகுடலை மேலே தள்ளிக் கதிர்ப் பாதையிலிருந்து விலக்கிவைக்கும். வெறுமையாக இருந்தால் குடல் கீழிறங்கி அப்பாதைக்குள் வந்து விழும். உயர் அளவு கதிர்வீச்சைப் பெறும் குடலின் பரப்பு கூடக்கூட, வயிற்றோட்டம் முதல் பின்னாளில் தோன்றும் குடல் அடைப்பு வரையான தொல்லைகளுக்கான வாய்ப்பும் கூடுகிறது. அதுமட்டுமன்று, சிறுநீர்ப்பையின் நிறைவுக்கேற்பக் கர்ப்பப்பையும் இடம் மாறுவதால், திட்டமிடலுக்காக ஸ்கான் எடுத்த நாளில் இருந்த நிலை சிகிச்சை நாட்களில் இல்லாவிட்டால், நோயுள்ள பகுதியே குறி தவறிப் போகலாம். இத்தனைக்கும் காவலாக இருப்பது உரிய நேரத்தில் குடிக்கும் அரை லீற்றர் தண்ணீர்தான்.

விளங்கிய பிறகும் அக்காவின் பாடு எளிதாகிவிடவில்லை. தண்ணீர் குடித்துச் சுமார் முக்கால் மணிநேரத்தில் அவரது முறை வரவேண்டும்; இயந்திரம் பழுதானாலோ வரிசை நீண்டாலோ அது இரண்டு மணிநேரமாகும். அறுபத்தைந்து வயதுப் பெண் அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருக்க முடியுமா? உங்கள் முறைக்கு இன்னும் இத்தனை பேர் இருக்கிறார்கள், இப்போது குடியுங்கள் என்று வெளியே வந்து ஒருவர் சொன்னால் போதும். அதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு உதவியோ தேவையில்லை.

இடது மார்பகத்தில் சிகிச்சை பெறுவோருக்கு மொழியின் தேவை இன்னும் கூர்மையானது. மூச்சை ஆழ உள்ளிழுத்து இருபது விநாடிகள் அளவில் பிடித்துக்கொண்டால், நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும். அந்த இடைவெளியில் கதிரைச் செலுத்துவார்கள். சுவீடனிலும் டென்மார்க்கிலும் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வு, இதயம் பெறும் சராசரிக் கதிர்வீச்சு அளவு ஒவ்வொரு கிரே கூடும்போதும் பாரிய இதய நோய்க்கான ஆபத்து 7.4 வீதம் உயர்வதாகக் காட்டியது. மூச்சைப் பிடிக்கும் முறையோ, நோயாளி அறையில் தனித்திருக்க, ஒலிபெருக்கி வழியாக வரும் கட்டளையை நம்பியிருக்கிறது. ‘இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்’ என்ற மூன்று சொற்களைத் தமிழில் ஒலிப்பதிவு செய்துவைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

வெற்றிலை போடும் பழக்கத்தால் நம் நாட்டு ஆண்களிடையே மிகுந்துள்ள வாய்ப் புற்றுநோயிலும் இதே கதைதான். சிகிச்சைக்கு முன்பே பழுதான பற்களைப் பிடுங்கிவிட வேண்டும். பின்னர் பிடுங்கினால், கதிர்வீச்சால் இரத்த ஓட்டம் குறைந்த தாடை எலும்பு ஆறாமல் அழியக்கூடும். இந்த எச்சரிக்கை நோயாளிக்கு ஆயுள் முழுவதும் பொருந்தும் என்பதால், வாய்ச்சொல்லாக அல்லாமல் அவர் கையில் இருக்கவேண்டிய ஒரு தாளில் எழுதப்பட்டிருப்பதே முறை.

அங்கு எவரும் அக்காவிடம் கடிந்து பேசவில்லை என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். கையால் காட்டியும் சிரித்தும் விளக்கவே முயன்றார்கள். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி என்பதை வைத்து வாதம் புரியவும் நான் வரவில்லை. ஒவ்வொரு உடற்பகுதிக்குமான அறிவுறுத்தல்களைப் பெரிய எழுத்தில், படத்துடன், ஒரு பக்கத் தமிழ்த் தாளாகச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கொடுக்குமாறு சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுடன் வரிசையில் இருந்த நால்வருக்கு நான் கையால் எழுதிக் கொடுத்த தாளின் பிரதி என்னிடம் உள்ளது. புற்றுநோய் வைத்திய நிபுணர் ஒருவர் அதைத் திருத்தித் தருவாராயின், அச்சிடும் செலவை வெள்ளவத்தையிலுள்ள எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.