தண்ணீர் ஏற்றுமுன் இதயத்தைப் பார்த்தவர்களுக்கு நன்றி

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து எங்கள் குடும்பத்தார் எழுதும் மடல் இது.

கால் புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து, அப்பாவை அவசரச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்தபோது அவருடைய இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. இத்தகைய அதிர்ச்சி நிலையில் முதல் 3 மணி நேரத்துக்குள் எடையில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் உப்புநீர் ஏற்றுவது பரவலான வழக்கம். 60 கிலோ அப்பாவுக்கு அது 1.8 லிட்டர். ஆனால் அவருடையதோ மாரடைப்பில் அடிபட்ட இதயம். ஏற்றாவிட்டால் சிறுநீரகம் கெடும். மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். “தண்ணீர் ஏற்றவும் கஞ்சத்தனமா?” என்று மாமா வேறு குரலை உயர்த்தினார்.

டாக்டர் தம்பி, நீங்கள் கோபப்படவில்லை. ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவியைக் கட்டிலருகே தள்ளிவந்து, இதயத்தின் இடது கீழறை மெத்தனமாகச் சுருங்குவதைத் திரையில் காட்டித் தமிழிலேயே விளக்கினீர்கள். பிறகு கட்டிலைச் சாய்த்துக் கால்களை உயர்த்தினீர்கள். காலிலுள்ள இரத்தம் இதயத்துக்குத் திரும்பும்போது அது வெளியே தள்ளும் அளவும் கூடுகிறதா என்று பார்க்கத்தான். கூடினால் நீர் ஏற்றிப் பயனுண்டு. கூடாவிட்டால் கால்களை இறக்கினால் போதும், பழையபடி ஆகிவிடும். ஒரு சொட்டும் ஏற்றாமலே விடை கிடைத்துவிடுகிறது!

அப்பாவுக்குக் கூடியது. 250 மில்லி ஏற்றினீர்கள், மறுபடி பார்த்தீர்கள், மீண்டும் 250. அடுத்துப் பார்த்தபோது அளவு கூடவில்லை, நுரையீரல் படத்தில் நீர் சேர்வதைக் காட்டும் வெண்கோடுகள் தலைகாட்டின. அத்தோடு நிறுத்தி, இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை உயர்த்தும் நோரட்ரினலின் மருந்தைத் தொடங்கினீர்கள். மாமா வாயடைத்துப் போனார். அதற்குத் தனி நன்றி.

கிருமிக்கொல்லி மருந்தைத் தாமதமின்றி ஏற்றிய மலாய்த் தாதியை மறக்க முடியாது. அப்பாவின் விரல் நுனியை அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் நிறம் திரும்பும் வரை விநாடிகளை முணுமுணுத்து எண்ணுவார். 3 விநாடியைத் தாண்டினால், இரத்த ஓட்டம் போதவில்லையே என்று அவர் முகம் சுருங்கும். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

மின்தூக்கி பழுதான அன்று அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்கிய கீழ்வீட்டுச் சீனப் பெரியவருக்கும் அவர் மகன்களுக்கும் நன்றி.

காத்திருப்புக் கூடத்தில் அம்மாவுக்கு மைலோ வாங்கிக் கொடுத்து, குளிருக்குத் தம் சால்வையையும் போர்த்திவிட்டுப் பெயர் சொல்லாமல் போன அக்கா, சால்வை துவைத்துத் தயாராக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைகளில் புண்ணுக்குக் கட்டு மாற்ற அங்குதான் வருகிறோம். அம்மா கையிலேயே வைத்திருப்பார்.