ஜெல் வாங்குவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு வேண்டிய மட்டும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படித்தான் என்கிறது உன் கடிதத்தின் முதல் வரி. மிச்ச வரிகளைப் படித்தால் நம்ப முடியவில்லை.

எதிலும் பிடிப்பில்லை, டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டது, அது கலந்த ஜெல் வாங்கித் தடவப்போகிறேன் என்கிறாய். யார் அளந்தது? ராகவனா? அவன் அந்தக் காலத்திலிருந்தே படிக்காத டாக்டராச்சே!

ரத்தம் கொடுப்பதென்றால் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் கொடு. மாலையில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே இறங்கியிருக்கும். காய்ச்சல் நாளிலோ தூக்கம் கெட்ட மறுநாளோ போகாதே. குறைவு என்று வந்தால் வேறொரு நாள் காலையில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.எச். அளவையும் பார்க்கச் சொல். தைராய்டு மந்தமானால் ஆளே சோம்பேறி மாதிரித்தான் தெரிவான். முடிக்காக நீ விழுங்கும் பயோட்டின் வைட்டமின் மாத்திரையை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடு. சில ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும், டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் காட்டிவிடும்.

இனி விளையாட்டில்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரைகளைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் அடக்கிவிடும். விந்தணு சரியும், சிலருக்குப் பூஜ்யம் வரைக்கும். நிறுத்தினாலும் மீள மாதக்கணக்காகும். இரண்டாவது குழந்தைக்குப் பார்க்கிறீர்கள் என்று சுமதி சொன்னாளே, இதை அவளிடம் சொன்னாயா?

டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் தைரியம் வரும் என்கிறாய். 2010-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், பெண்களுக்கு நாக்கின் அடியில் 0.5 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பணம் பங்கிடச் சொன்னார்கள். அதை எடுத்தவர்கள் எதிராளிக்கு நியாயமான பங்கைக் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டதாக நம்பியவர்கள்தான், உண்மையில் எடுத்தார்களோ இல்லையோ, கஞ்சத்தனம் பண்ணினார்கள். உன் ஜெல்லில் எவ்வளவு மருந்து, எவ்வளவு ராகவன் என்று யோசித்துக்கொள்.

ராஜினாமாவுக்கு வருகிறேன். மேனேஜரோடு சண்டை முடிந்து அரை மணி கழித்து 'நிதானமாக' எழுதினாயாம். சண்டையில் எகிறும் அட்ரினலின் சில நிமிடத்தில் இறங்கிவிடும், படபடப்பு நிற்கும், தெளிந்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் உச்சிக்கு வருவதே அந்த இருபது முப்பது நிமிடத்தில்தான். வடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கு எழுதினாலும் மறுநாள் காலை படித்துவிட்டு அனுப்பு.

மாதக்கணக்கில் அழுத்தம் நீடித்தால் கதை மாறும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் (2014) எட்டு நாள் ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்டிசாலேதான், மருந்து வடிவில்) கொடுத்துப் பார்த்ததில், ஆட்கள் ரிஸ்க் எடுக்கவே தயங்கினார்கள். முதலில் வேலையை விடுகிறேன் என்று குதித்த நீ, இப்போது வந்த நல்ல வாய்ப்பையும் தட்டுகிறாயே, அதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. உன் விஷயத்தில் இதுதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். அந்த வாய்ப்புக்கு மட்டும் உடனே 'வேண்டாம்' எழுதிவிடாதே, அவகாசம் கேள்.

மூளையின் டோபமைன் ரசாயனத்தைச் சேமிக்கக் கைபேசியைத் தொடாமல் 'டோபமைன் விரதம்' இருக்கிறாயாமே? கைபேசியைக் குறைப்பது நல்லதுதான். அதற்காக டோபமைன் மூளையில் மிச்சம் பிடித்துச் சேராது.

ரிப்போர்ட் வந்ததும் நல்ல எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கும் அனுப்பு. ராகவனுக்கு வேண்டாம்.

அன்புடன்,
மணி