பாம்பு வேண்டாம், கடித்த நேரம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பு கடித்தவர் அதே பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று படத்துடன் செய்தி அடிக்கடி வருகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களுக்குப் பாம்பு தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே விஷமுறிவு மருந்துதான். வெட்டிய தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். பையைத் திறக்கிற நர்ஸுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டிவரும். பாம்பின் படத்துக்குப் பதில் எத்தனை மணிக்குக் கடித்தது, எத்தனை மணிக்கு மருந்து ஏறத் தொடங்கியது என்று போட்டால் நாலு பேருக்கு உபயோகம்.

'வந்ததும் ஊசி போடாமல் காக்க வைத்துவிட்டார்கள்' என்பது இன்னொரு புகார். அந்த 20 நிமிடம் சும்மா கழிவதில்லை. 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு அசைக்காமல் வைக்கிறோம். 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் ஏமாற்றும். உறைந்திருந்தாலும் உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். 24 மணி நேரம் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

விஷமுறிவு மருந்து முதல் தவணை 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவு. ஆள் சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. பொடியைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைத்துவிடும், உருட்டித்தான் கரைக்க வேண்டும். குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பதால் கடுமையான அலர்ஜி வரலாம்; அட்ரினலினைக் கையோடு வைத்துக்கொண்டுதான் ஏற்றுவோம். விஷ அறிகுறி இல்லாதவருக்குப் போடாததும் அதனால்தான்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் அதிகம் ஏமாற்றுவது கட்டுவிரியன். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து, ஆத்தங்குடித் தரை குளுகுளுவென்று இருக்கிறதே என்று வளவில், அதாவது முற்றத்தை ஒட்டிய கூடத்தில், பாய் விரித்துப் படுப்பார்கள். ராத்திரியில் ஊரும் பாம்பு அது. கடித்தது பலருக்குத் தெரியாது. தடமும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. வாயு என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். கண் இமை இறங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ வாயு என்று இருந்துவிடாதீர்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை வரவரக் குறைந்தால் மூச்சுத் தசை தளர்கிறது. அதற்குமேல் மருந்து மட்டும் போதாது, வென்டிலேட்டர் வேண்டும். விரல்கூட அசைக்காமல் கிடப்பவருக்கு நினைவு இருக்கும், காதும் கேட்கும். கட்டில் பக்கத்தில் நின்று ஒப்பாரி வைக்காதீர்கள்.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது இன்னும் ஓயவில்லை. ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். சட்டென அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரே நேரத்தில் உடம்பில் பாயும். கட்டிக்கொண்டு வந்துவிட்டால் வழியில் அவிழ்க்காதீர்கள், நாங்கள் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்க்கிறோம். கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்தவருக்குச் செய்வதுபோல் சட்டம் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவரலாம். வழியில் கிளினிக்கில் நிறுத்தி டிடி ஊசி, வலி ஊசி போடாதீர்கள். ரத்தம் உறையாத நேரத்தில் குத்திய இடம் உள்ளுக்குள் கசிந்து வீங்கிவிடும்.

காரைக்குடியையும் தேவகோட்டையையும் தாண்டி நேரே மதுரைக்கு ஓடுகிறார்கள். முதல் 10 குப்பியைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிட்டு, மூச்சுக்குப் பாதுகாப்பு செய்துகொண்டு பிறகு போகட்டும்.

வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் விஷம் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். மருந்தின் பின்விளைவாக இருக்கலாம். மாத்திரையில் அடங்கும், வந்து காட்டுங்கள்.

அவசர சிகிச்சை மருத்துவர்கள்,
காரைக்குடி