அக்காவின் தூக்கம்

சேலம், குகை

அன்புள்ள நண்பனுக்கு,

புற்றுநோய்க்கான கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தும் அக்கா இரவு 2 மணிக்கு விழித்து, விடியும்வரை புரண்டுகொண்டே கிடப்பதாக எழுதியிருந்தாய். மனசு கஷ்டமாக இருந்தது. சிகிச்சை முடித்த பலருக்கும் இது வருகிறது. ஹார்மோன் மாத்திரையால் நடுராத்திரியில் உடம்பு குப்பென்று சூடேறி வியர்க்கும். சோர்வில் பகலெல்லாம் படுத்துப் பழகியது இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். செக்கப் தேதி நெருங்கினால் பயம் வேறு.

நீ கேட்ட மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, அதாவது இந்த நிமிஷம் நடப்பதை நல்லது கெட்டது என்று எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சி, அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் 1979-இல் தொடங்கிய 8 வாரத் திட்டத்திலிருந்து வளர்ந்தது. கனடாவின் கால்கரியில் புற்றுநோய் கண்டவர்கள் 111 பேரிடம் இதையும், தூக்கமின்மைக்கான சிபிடி சிகிச்சையையும் (தூக்கம் பற்றிய நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை) ஒப்பிட்டு 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். சிபிடியில் பலன் சீக்கிரம் தெரிந்தது. மைண்ட்ஃபுல்னஸ் சில மாதம் கழித்துத்தான் அதற்கு ஈடாக வந்தது. எனவே இரண்டே வாரத்தில் அக்கா விட்டுவிட வேண்டாம்.

முதல் பயிற்சியை 'பாடி ஸ்கேன்' என்பார்கள். அக்காவிடம் அந்தப் பெயரைச் சொல்லாதே, ஸ்கேன் என்றாலே அவருக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். சாயங்காலம் 5 மணி வாக்கில் பாய் விரித்துப் படுக்கட்டும், கட்டிலில் வேண்டாம். கால் விரலில் தொடங்கி உச்சந்தலை வரை, ஒவ்வொரு இடத்திலும் என்ன தெரிகிறதோ அதைக் கவனித்தால் போதும். மனசு ஓடினால் கூட்டி வந்து, விட்ட இடத்தில் வைக்கணும். முதல் வாரம் 15 நிமிஷம், போகப்போக 40. கீமோவால் பாதம் மரத்தோ எரிந்தோ இருந்தால் உள்ளங்கையிலிருந்து தொடங்கலாம். ஆபரேஷன் தழும்பு வரும்போது படபடத்தால் அங்கே நிற்க வேண்டாம். கண்ணைத் திறந்து, வெளியே கேட்கும் சத்தத்துக்குப் போகட்டும். இங்கே குகையில் என்றால் தறிச் சத்தத்தைச் சொல்லியிருப்பேன். உங்கள் ஏற்காட்டில் சில்வண்டு இருக்கிறது.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: இதைத் தூக்க மாத்திரை மாதிரி எடுத்துக்கொண்டு, "வந்துச்சா, வந்துச்சா" என்று உள்ளே பார்த்துக்கொண்டே இருப்பது. அந்தக் காவலே விழிக்க வைக்கும். பயிற்சி தூக்கத்தை வரவழைக்க அல்ல, விழித்திருக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாமல் இருக்கத்தான்.

கூடவே படுக்கை நேரத்தையும் குறைக்கணும். ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள். 9 மணி நேரம் படுத்து 6 மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால், இரவு 11 முதல் காலை 5 வரை மட்டும் படுக்கை. மொத்தப் படுக்கை நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே இறக்காதே. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கத் தொடங்கியதும் வாரம் 15 நிமிஷம் கூட்டலாம். உடம்பு அசதி வேறு, கண் சொக்குவது வேறு, சொக்கினால்தான் படுக்கணும்.

சுமார் 20 நிமிஷம் தூக்கம் வராவிட்டால், கடிகாரம் பார்க்காமல் எழுந்து உட்காரட்டும். உங்கள் ஊர்க் குளிரில் கம்பளியை விட்டு யாரும் எழ மாட்டார்கள். அதனால் நாற்காலி, ஸ்வெட்டர், காலுறை, சின்ன விளக்கு எல்லாம் முன்கூட்டியே பக்கத்தில் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் காபி கூடாது, வீட்டுத் தோட்டத்துக் காபியானாலும் சரி.

முதல் சில வாரம் பகலில் கண் அயரும்; மலைப்பாதையில் வண்டி ஓட்ட விடாதே. வலிப்பு, பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்), பலத்த குறட்டை ஏதாவது இருந்தால் படுக்கை நேரத்தைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேள். தூக்க மாத்திரை சாப்பிட்டால் திடீரென்று நிறுத்தக் கூடாது. ராத்திரி குப்பென்று ஏறும் அந்த உடம்புச் சூட்டைப் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி மருந்து உண்டு.

ஒரு வாரம் குறித்ததும் அந்த நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. படுக்கை நேரத்தைச் சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்