வயல்வெளிப் பள்ளிக் கொட்டகையைத் திறந்துவிடக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
கடைமடை நெல் விவசாயிகள் 27 பேர் (கையொப்பங்கள் பின்பக்கத்தில்)

பெறுநர்:
வேளாண்மை உதவி இயக்குநர் அவர்கள்

பொருள்: பூட்டிக் கிடக்கும் உழவர் வயல்வெளிப் பள்ளிக் கொட்டகையைத் திறந்து, புதன்கிழமைக் கூட்டத்தை மறுபடி நடத்த அனுமதி வேண்டுதல்.

பார்வை: எங்கள் முந்தைய இரண்டு மனுக்கள் (பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதகை ஒட்டிய கொட்டகை தங்களுக்குத் தெரியும். அதைத் திறந்த அன்று தாங்களும் வயலில் இறங்கி எங்களோடு குனிந்து பூச்சி எண்ணினீர்கள்.

1. இடுபொருள் மூட்டை வைக்க ஒரு மாதத்துக்கு வேண்டும் என்று சாவியை வாங்கிப்போனார்கள். இரண்டு போகம் ஆகிவிட்டது. மூட்டைகள் போய்விட்டன, பூட்டு போகவில்லை.

2. புதன்கிழமைகளில் ஆளுக்குப் பத்து நெற்குத்து (ஒரே இடத்தில் நட்ட பயிர்க் கொத்து) பார்ப்போம். எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி, எவ்வளவு தண்ணீர் என்று எண்ணி வந்து சார்ட்டில் படம் போட்டு, மருந்து தேவையா இல்லையா என்று சண்டை போட்டு முடிவெடுப்போம். இந்த முறை 1989இல் இந்தோனேசியாவில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கியது. காரணமே பயிரின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிதான். கண்டபடி மருந்தடித்ததில் சிலந்தி செத்து, புகையான் பெருகி, 1986இல் அந்த அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்ய வேண்டிவந்தது. இதை எங்களுக்குச் சொல்லித்தந்ததே தங்கள் துறைதான்.

3. இந்தப் போகத்தில் நடந்ததைக் கேளுங்கள், ஐயா. தென்கோடி வயல் ஒன்றில் கட்டில் அகலத்துக்கு வட்டமாகப் பயிர் மஞ்சளாகப் பழுத்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அவர் இன்னும் தண்ணீர் கட்டினார், யூரியாவும் போட்டார். இரண்டும் புகையானுக்கு விருந்து. ஐந்தாம் நாள் வட்டம் களத்து அளவு ஆனது. பதறிப்போய், யாரோ சொன்ன பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை மேலாக அடித்தார். பூச்சியோ தூரடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்திருந்தது. செத்தது சிலந்திதான். அப்புறம் அந்த வயல் தீ வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அதே வாரம், அங்கிருந்து நாலாவது வயல்காரர் குத்தைத் தட்டி எண்ணிப் பார்த்தார். தூருக்கு (குத்தின் ஒரு தண்டுக்கு) ஒரு பூச்சியைத் தாண்டியிருந்தது. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்ததால் இரண்டு வரை பொறுக்கலாம் என்று, தண்ணீரை வடித்து, காற்றும் வெயிலும் இறங்க எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளியாகப் பட்டம் பிரித்துவிட்டார். பயிர் தப்பியது. நடுவில் மூன்றே வரப்பு! புதன்கிழமை என்று ஒன்று இருந்திருந்தால் சார்ட்டிலேயே தெரிந்திருக்கும். தென்கோடிக்காரர் இப்போது எங்களிடம் கேட்கிறார், "தெரிஞ்சும் ஏம்ப்பா சொல்லல?" என்ன பதில் சொல்ல?

இதைவிட வயிறு எரிவது அந்த நோட்டு. ஆறு போகக் கணக்கு அதில் இருக்கிறது. எந்த வயலில் பூச்சி முதலில் இறங்கும், எந்த மருந்து கேட்கவில்லை, யார் எப்படி நாற்றுவிட்டார், எல்லாம். எழுதியவர்களில் ஒருவர் இன்று உயிரோடு இல்லை. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் பலகை மேல் தெரிகிறது. பச்சை அட்டை, ஓரத்தில் கரையான் மண் ஏறியிருக்கிறது. கை எட்டவில்லை. குச்சி எட்டுகிறது, கிழிந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டோம். அரசாங்கக் கொட்டகையில் எங்கள் கையெழுத்தை நாங்களே ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

4. மரத்தடியில் கூடலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சரி என்று கூடினோம். மூன்றாவது வாரம் மழை, நாலாவது வாரம் ஆறு பேர். போனில் எச்சரிக்கை வருகிறதே என்றார்கள். வருகிறது, "புகையான் தாக்க வாய்ப்பு" என்று. எந்த வயலில், எந்த மூலையில்? அது பக்கத்து வரப்பில் நடப்பவன் கண்ணுக்குத்தானே தெரியும்?

5. நிதி கேட்கவில்லை. பயிற்றுநர் கேட்கவில்லை, எங்களுக்குள்ளேயே நாலு பேர் நடத்துவார்கள். சாவி, ஐயா. சாவி மட்டும்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டோம், பொறுத்தருளுங்கள். முதல் இரண்டு மனுவையும் பணிவாகத்தான் எழுதினோம். அடுத்த நாற்றங்காலுக்கு முன் கொட்டகையைத் திறந்துவிடும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு நாளாகும் என்றால், ஓர் ஆளை அனுப்பி அந்த நோட்டையாவது எடுத்துக் கொடுங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொன்னால் வாசலில் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடை விவசாயிகள்

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், ஜன்னல் வழியாக எடுத்த போட்டோ ஒன்று.